மற்றவை

எங்கள் படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
நாய், பூனை.
அதற்குக் கீழே ஒரு கோடு, அதன் தலையில் ‘மற்றவை’.
டோங்காட் கரும்புக்காடு முடிகிற இடத்தில்
தகரக் கூரை போட்ட காப்பகம் இது.
அந்தக் கோட்டில் நான் எழுதியவை:
ரக்பி கிளப் குலுக்கலில் விழுந்த வான்கோழி
(வென்றவருக்கு அறுக்க மனம் வரவில்லை).
உம்ஷ்லாங்கா மாடிவீட்டுக் கண்ணாடிகளில்
தன்னையே எதிரியென்று கொத்திக் கொத்திப்
பதினொரு புகார்க் கடிதங்கள் சம்பாதித்த மயில்.
முயல் என்று நினைத்து ஒரு பையன்
பள்ளிப்பையில் கொண்டுவந்த பட்டுக்கோழி.
அது என் மேசைமேல் முட்டையிட்ட பிறகும்
அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

குபேந்திரன் நாயுடு ஈமுவைக் கொண்டுவந்தது
மே மாதம், ஒரு வியாழக்கிழமை,
கரும்பு ஏற்றுகிற டிரெய்லரில்.
எண்ணெய்க்கு விலை வரும் என்று
யாரோ சொல்லி நாற்பது வாங்கினாராம்.
பிறகொரு நாள் கம்பெனியின் போன்
அடித்துக்கொண்டே இருந்ததாம், எடுக்க ஆளில்லை.
முப்பத்தொன்பது எங்கே என்று நான் கேட்கவில்லை.
கையெழுத்துப் போட்டவர்
என் பேனாவோடு வண்டியேறிப் போனார்.

பாலினம்: பெண் என்று எழுதினேன்.
கண்ணிமை அப்படி இருந்தது.
நொக்குபோங்கா ராணி என்று பெயர் வைத்தாள்.
ராணிக்கு நாய்களிடம் பயமில்லை.
நாய்கள்தான் கம்பிவலையைவிட்டு
ஓரடி தள்ளிப் படுத்தன.

ஜூன் குளிரில் ஒரு காலை
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மடங்கி உட்கார்ந்தது.
எழவில்லை.
கீரை வைத்தோம், திரும்பிப் பார்க்கவில்லை.
கால் போய்விட்டது என்று டாக்டரை அழைத்தோம்.
டாக்டர் இறகுக்குள் கைவிட்டு
ஒரு டென்னிஸ் பந்தை எடுத்தார்.
இன்னொன்று.
மூன்றாவது, பாதி கடிபட்டது.
பக்கத்துக் கூண்டிலிருந்து வலையடியில் உருண்டு வந்தவை,
வெயிலில் சாயம் போன பச்சை.
எடுத்த வரிசையிலேயே திரும்ப வைத்தார்.
“ஈமுவில் அடைகாப்பது ஆண்” என்றார்.

பெண் என்பதை அடித்தேன்.
ராணியை அடிக்க நொக்குபோங்கா விடவில்லை.
என் அப்பாவை எந்தக் கட்டத்தில் போடுவது என்று
ஒரு குமாஸ்தா முடிவுசெய்த காலமும்
இந்த நாட்டில் இருந்தது.
அவருக்கும் அப்போது
சாப்பாட்டு நேரம் நெருங்கியிருக்கும்.

ஐம்பத்தாறு நாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.
நாள்காட்டியில் குறித்துக்கொண்டு வந்தோம்,
எதற்குக் குறிக்கிறோம் என்று பேசிக்கொள்ளாமல்.
இரவுப்பணி நாள்களில் கேட்டிருக்கிறேன்:
சிமெண்டில் பந்து ஒரு சுற்று உருளும்,
நிற்கும்,
இறகு அமரும்.

ஆறாவது வாரம் நாயுடு வந்தார், பேனாவைக் கொடுக்க.
கூண்டருகே நெடுநேரம் நின்றார்.
“இது உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.
பெட்டை இட்டதும் எடுத்து
இன்குபேட்டரில் வைத்துவிடுவோம்.
ஒன்பது வருஷம்.”
தொப்பியைக் கழற்றினார்,
வியர்வை துடைக்கிறவர்போல.
அன்று குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது.

ஐம்பத்தேழாம் நாள் அது எழுந்தது.
பந்துகளை ஒரு கண்ணால் பார்த்தது,
கழுத்தைத் திருப்பி
மறு கண்ணாலும்.
பிறகு தொட்டிக்குப் போய்க்
குடித்தது, குடித்தது, குடித்தது.
எடைமேடையில் பதின்மூன்று கிலோ குறைவு.

நான் பந்துகளைப் பொறுக்கினேன்.
பாதி கடிபட்டதுகூடச் சூடாக இருந்தது.
அடுத்த கூண்டில் எல்லா நாய்களும்
வாலை ஆட்டிக்கொண்டு நின்றன.
போடலாம்.
போட்டிருக்கலாம்.
போன் அடித்தது.
வெருலத்திலிருந்து ஒரு பெண்.

“என்ன பறவை?”
“தெரியலையே. வாத்து இல்லை, கோழியும் இல்லை.
காலையிலிருந்து வாசலில் நிற்கிறது.
ஏதோ வரச்சொன்னதுபோல நிற்கிறது.”

வலக்கை நிறையப் பந்துகள்.
இடக்கையால், கோணலாக,
அந்தக் கோட்டின் மேல் எழுதத் தொடங்கினேன்.